ஆத்தங்குடித் தரை சரியாக அமையவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் புது வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) பதித்த பிறகு சந்திக்கும் சிக்கல்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை கல்லுக்கு அடியில் போட்ட கலவையால் வருபவை. மிச்சம், பதித்த பிறகு மேலே எதையாவது ஊற்றிக் கழுவியதால் வருபவை. அதனால் கல்லை மாற்றக் கிளம்புவதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். அளவுகளைக் கொத்தனார் கணக்கிலேயே சொல்கிறோம்: ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ.

தரை போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. நடக்கும்போது சில இடங்களில் ‘டொக் டொக்’ என்று கேட்கிறது. ஏன்?

அந்த இடங்களில் கல்லுக்கும் கலவைக்கும் நடுவே காலி விழுந்திருக்கிறது. எங்கெங்கே, எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் கரணையின் மரக் கைப்பிடி போதும். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லிலும் நான்கு மூலை, நடு என ஐந்து இடத்தில் மெதுவாகத் தட்டுங்கள். நன்றாகப் பிடித்த கல் கருங்கல்லைத் தட்டியதுபோல ‘திண்’ என்று அடங்கிவிடும். காலியான இடம் பானையைத் தட்டியதுபோலத் திரும்பிப் பேசும். இரண்டு மூன்று கல் தட்டுவதற்குள் காது பழகிவிடும். காலியான இடத்தில் சாக்கட்டியால் சிறு வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். முழு அறையும் முடிந்ததும் நின்று பார்த்தால் வட்டங்கள் ஒரு கதை சொல்லும். ஒரே வரிசையில் இருந்தால், அந்த வரிசைக்குப் போட்ட கலவை இறுகிய பிறகு பதித்திருக்கிறார்கள். எல்லாக் கல்லிலும் மூலைகள் மட்டும் காலியாக இருந்தால் உருண்டை வைத்துப் பதித்த வேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அந்தக் கற்களின் முதுகை மட்டும் சரியாகத் துடைக்கவோ நனைக்கவோ இல்லை.

நல்ல கொத்தனார் வைத்துத்தானே பதித்தோம், எப்படிக் காலி விழும்?

சுவரும் பூச்சும் அருமையாகச் செய்பவர் இந்தக் கல்லைப் பதித்துப் பழகாதவராக இருக்கலாம். கடையில் வாங்கும் விட்ரிஃபைடு டைலும் இதுவும் ஒன்றல்ல. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் சட்டமும் அச்சும் வைத்து வண்ண சிமெண்டை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பின்பக்கம் ஈரக் கலவையை அழுத்தி நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். முகத்தில் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. முதுகோ வெறும் சிமெண்ட் மணல், தண்ணீரை இழுக்கும். காய்ந்த கல்லை அப்படியே கலவை மேல் வைத்தால், கலவை இறுகத் தேவையான தண்ணீரைக் கல்லே குடித்துவிடும். அடியில் கலவை பொடியாக நிற்கும், கல்லோடு ஒட்டாது. ‘மேஸ்திரி, முதுகை நனைச்சீங்களா?’ என்று வேலை நடக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்த காரணம் உருண்டை வைப்பது. நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டைக் கலவை வைத்து, கல்லை மேலே வைத்துத் தட்டி மட்டம் பார்ப்பார்கள். வேலை வேகமாக ஓடும். அப்படிப் பதித்த கல் ஒன்றைப் பெயர்த்துத் திருப்பினால் முதுகில் ஐந்து வட்டத் தழும்பு மட்டும் இருக்கும், சுற்றிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த சாம்பல் நிறம் அப்படியே கறை படாமல் இருக்கும். அந்த வெற்றிடத்தின் மேல் பீரோ கால் ஒன்று வந்து நின்றால் கல் விரிசல் விடும்.

மூன்றாவது, பழைய கலவை. தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய கலவையை, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது பார்க்கத்தான் கலவை, பிடிப்பு போய்விட்டது. சித்திரை வைகாசி வெயிலில் திறந்த வளவிலும் (நடுமுற்றம்) முகப்பிலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எத்தனை கல் காலியாக இருந்தால் முழுத் தரையையும் எடுக்கச் சொல்லலாம்?

எங்கள் கணக்கு இது. ஒரு கல்லின் ஒரு மூலையில் மட்டும், உள்ளங்கை அளவுக்குள் காலியாக இருந்து, அது சுவரோரமாகவும் இருந்தால் விட்டுவிடலாம். பாதிக்கு மேல் காலி என்றாலோ, நடைபாதை, வாசல், கட்டில் கால் வரும் இடம் என்றாலோ அந்தக் கல்லை எடுத்துப் பதிக்க வேண்டும். அறையில் மூன்றில் ஒரு பங்குக் கல் இப்படி இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவதில் பயனில்லை. ஒன்றை எடுக்கும் அதிர்வில் பக்கத்துக் கல்லும் விட்டுப்போகும். அந்த அறையை முழுதாக எடுப்பதே செலவு குறைவு.

ஒரு கல்லை மட்டும் அக்கம்பக்கம் உடையாமல் எப்படி மாற்றுவது?

முதலில் மாற்றுக் கல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கல் வராமல் தரையைத் திறக்காதீர்கள்.

சுற்றியுள்ள கற்களின் விளிம்பில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். சிறிய கிரைண்டரில் மெல்லிய வைரத் தகடு போட்டு நான்கு பக்க ஜாயின்டையும் அறுக்க வேண்டும். கல் முக்கால் அங்குலம் என்றால் அறுப்பும் அந்த ஆழம்வரை போக வேண்டும். மூலையில் தகடு வளைவாக இருப்பதால் அடிவரை எட்டாது. அங்கே அடுத்த கல்லுக்குள் ஓட்டிவிடாமல், மிச்சத்தைச் சிறு உளியால் முடிப்பதுதான் பாதுகாப்பு. தூசி கடுமையாக வரும். முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஸ்பாஞ்சால் தண்ணீர் தொட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள்.

முழுக்கக் காலியான கல் என்றால் ஜாயின்ட் அறுத்ததும் அசையும். இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டை விட்டு அலுங்காமல் தூக்கினால் முழுதாகவே வரும். பாதி பிடித்திருந்தால் அதைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். நடுவில் டிரில்லால் நாலைந்து துளை போட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உளியால் உடைத்து வாருங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு நெம்பக் கூடாது. கடப்பாரையை ஒருபோதும் பக்கத்துக் கல்லின் மேல் ஊன்றாதீர்கள். நல்ல கல் மூலை உடைவதெல்லாம் இந்த ஒரு தவறால்.

அடியிலுள்ள பழைய கலவையை ஒன்றரை அங்குலம்வரை கொத்தி எடுத்து, தூசியைத் துடைத்து, நனைத்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுக்க வேண்டும். சிமெண்ட் 1, சலித்த மணல் 5 என்ற விகிதத்தில், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரத்தில் கலவை போட்டு, கல் வைக்கும்போது ஒரு நூல் உயரமாக இருக்குமாறு பரப்புங்கள். அதன்மேல் தேன் பதத்தில் சிமெண்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்ட். கல்லின் முதுகைத் தூரிகையால் துடைத்து நனைத்து, ஈரம் மினுங்காத நிலையில் வைத்து, ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து தட்டி இறக்குங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம், துணி சுற்றினாலும் வேண்டாம். இரண்டடி மட்டப்பலகையை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்து, பக்கத்துக் கல்லோடு விரல் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு முறை கல்லைத் தூக்கிப் பாருங்கள். முதுகு முழுதும் ஈரக் கலவை அப்பியிருந்தால் மறுபடி வைத்து முடித்துவிடலாம். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அங்கே கலவை குறைவு. அரை நிமிட வேலை இது, அதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம்.

கல்லை எடுக்காமல், துளை போட்டு எபாக்ஸிப் பசை ஏற்றலாம் என்கிறார்களே?

வேறு டைலுக்குச் சரி. இதில் பூவின் மேல் துளை விழக் கூடாது, ஜாயின்டிலோ அரை நூல்தான் இடம். சிந்தும் எபாக்ஸியைக் கல் உறிஞ்சிவிட்டால் அந்தக் கறை போகாது. பழைய வீட்டில், மாற்றுக் கல்லே இல்லாத நிலையில் மட்டும், அனுபவப்பட்டவரைக் கொண்டு செய்யலாம்.

கற்களின் விளிம்பு காலில் தட்டுகிறது. மெஷின் பாலிஷ் போட்டு மட்டமாக்கலாமா?

வேண்டாம். மொசைக் தரையை அப்படித் தேய்க்கலாம், மார்பிளைத் தேய்க்கலாம். ஆத்தங்குடிக் கல்லில் வண்ணம் ஏறத்தாழ ஒரு நூல் கனத்துக்குத்தான் இருக்கிறது. ஒரு நூல் உயர்ந்த விளிம்பை மெஷினால் இறக்கினால் அந்த விளிம்பில் பூவே மிஞ்சாது. மிஞ்சினாலும் கண்ணாடி தந்த மினுமினுப்பு போய், எப்போதும் தேய்த்த தரைபோல மங்கலாகத் தெரியும்.

கையால் செய்யும் கல் என்பதால் அரை நூல் ஏற்ற இறக்கம் இயல்பு. அதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிட விளிம்பு தெளிவாக உயர்ந்து, வெறுங்காலில் தட்டினால் அது பதித்தவரின் குறை. எந்தக் கல் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். பல நேரம் ஒரே ஒரு கல் இறங்கியதால் சுற்றியுள்ள நான்கும் உயர்ந்ததுபோலத் தெரியும். அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவித் தருவதாகச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். கல்லின் முகம் சிமெண்ட். ஆசிட் சிமெண்டைக் கரைக்கும். கிரானைட்டிலும் செராமிக்கிலும் படிந்த சிமெண்ட் படலத்தை ஆசிட் எடுப்பதும் இதே காரணத்தால்தான். இங்கே படலமும் சிமெண்ட், கல்லும் சிமெண்ட். ஆசிடுக்கு வித்தியாசம் தெரியாது. ஊற்றியதும் நுரை பொங்கும், அழுக்கு போகிறது என்று நினைப்பார்கள். நுரைத்துப் போவது தரை.

ஊற்றியே விட்டார்கள் என்றால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடி அலசுங்கள். சொரசொரப்பாகிவிட்ட இடத்தை 400, 800, 1500 என்ற வரிசையில் நீர் எமரித் தாளால் கையால் தேய்த்தால் ஓரளவு வழவழப்பு திரும்பும். பழைய மினுமினுப்பு முழுதாக வராது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் திரவம், எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இரண்டாங்கட்டில் சமையலுக்கு உட்காருகிற இடத்தில் புளிக்கரைசல் சிந்தினால் ஆறவிடாமல் துடைத்துவிட வேண்டும்.

அப்படியானால் தரைமேல் படிந்த வெள்ளையை எப்படி எடுப்பது?

முதலில் அது எந்த வெள்ளை என்று பாருங்கள். காய்ந்த விரலால் தேய்த்தால் மாவுபோல ஒட்டிக்கொண்டு வருவது உப்பு. நகத்தால் சுரண்டினாலும் வராமல் பால் ஆடைபோலப் படிந்திருப்பது சிமெண்ட் படலம்.

படலம் என்றால் உமி கொண்டு தேய்ப்பதுதான் இந்த ஊர் வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. உமியை ஈரத் தரையில் பரப்பிச் சாக்குத் துணியால் வட்டமாகத் தேய்த்தால் படலம் மெல்ல விடும், கல்லில் கீறல் விழாது. மர இழைப்புத் தூளும் ஆகும், ஆனால் சாயம் இறங்கும் சிவப்பு மரத்தூள் கூடாது. அடம்பிடிக்கும் இடத்தில் மட்டும் 400க்கு மேற்பட்ட நீர் எமரித் தாள், அதுவும் பீரோவுக்கு அடியில் வரும் கல்லில் ஒரு முறை சோதித்த பிறகு.

உப்பு என்றால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் அது கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளிக் கொட்டுங்கள். புதுத் தரையில் அடியிலுள்ள ஈரம் காயும்வரை சில வாரம் பூத்துப் பிறகு நின்றுவிடுவது சகஜம். ஐப்பசி கார்த்திகை மழையில் பதித்த தரைக்கு இன்னும் நாளாகும். மாதக்கணக்கில் நிற்காமல் பூத்தால் கலவைக்கு உப்புத் தண்ணீர்ப் போர்வெல் நீரையோ உப்பு மணலையோ பயன்படுத்தியிருக்கலாம், அல்லது சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறலாம். ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரைமேல் 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் வருகிறது. அந்த நிலையில் எண்ணெயோ சீலரோ தடவினால் உப்பு மேற்பரப்புக்கு அடியிலேயே சிக்கி, முகத்தைப் பொரித்துவிடும்.

ஜாயின்டை நிரப்பக் கருப்பு கிரவுட் சாந்து அடைத்தார்கள். மஞ்சள் பூவுக்குள் சாயம் இறங்கிவிட்டது.

இது போகாது. தேய்த்தால் மங்கும், அவ்வளவுதான். இந்தக் கல்லுக்கு வெள்ளை சிமெண்டில் கல்லின் அடிநிறத்துக்கு ஏற்ற ஆக்சைடு கலந்து, கல்லைவிடச் சற்று வெளிறிய நிறத்தில் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு முன் மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்து ஈரப்படுத்தினால் சாயம் உள்ளே இறங்காது. பத்தடிக்குப் பத்தடி என்று ஒரே மூச்சில் பூசாமல், நான்கைந்து கல் அடைத்ததும் ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். பெரிய பரப்பில் கறை என்றால் கல் மாற்றும் பேச்சுக்கு இடமுண்டு.

நிறம் ஒரே மாதிரி இல்லை. கல் செய்தவர் தவறா, பதித்தவர் தவறா?

கல்லுக்குக் கல் நிறம் சற்று மாறுவது இந்தத் தொழிலின் இயல்பு. வண்ணத்தைக் கையால்தான் கலக்கிறார்கள். அந்த மாற்றம் தரை முழுக்கப் பரவியிருந்தால் அழகாகவே இருக்கும். அறையின் இடது பாதி அடர்த்தி, வலது பாதி வெளிறல் என்று கோடு கிழித்ததுபோல் பிரிந்திருந்தால், ஒரு நாள் செய்த அடுக்கை முடித்துவிட்டு அடுத்த அடுக்கைத் தொட்டிருக்கிறார்கள். நாலைந்து அடுக்கிலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் பதிப்பது பதிப்பவர் பொறுப்பு. அளவில் அரை நூலுக்கு மேல் வித்தியாசம், மயிரிழை விரிசல், ஊசித்துளை, உடைந்த மூலை ஆகியவை செய்தவர் பொறுப்பு. ஆனால் பதிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். பதித்த கல்லை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பூ சேரவில்லை. பார்டர் ஒரு பக்கம் எட்டு அங்குலம், எதிர்ப்பக்கம் ஐந்து அங்குலம்.

அறை மூலைமட்டத்தில் இல்லை என்பதைப் பார்க்காமல் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு பதித்தால் இப்படித்தான் வரும். பழைய வீடுகளில் சுவர் இரண்டு மூன்று அங்குலம் விலகியிருப்பது சாதாரணம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் அறை கோணல். அப்போது நடுவில் நூல் கட்டி, நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் பிரித்து, கலவை இல்லாமல் ஒரு வரிசை கல்லை அடுக்கிப் பார்த்து, மிச்சக் கோணலைப் பார்டருக்கு வெளியே சுவரோரத்து வெற்றுக் கல்லில் ஒளிக்க வேண்டும். பதித்தாகிவிட்டது என்றால் பார்டரையும் வெளிவரிசையையும் மட்டும் எடுத்து மறுபடி பதிக்கலாம். நடுத்தரையைத் தொட வேண்டியதில்லை.

நான்கு கல் சேர்ந்து ஒரு பூவாகும் அச்சில் ஒரு கல் மட்டும் திரும்பி உட்கார்ந்திருந்தால் அந்த ஒன்றை எடுத்து வைப்பதற்கு மேல் வேலை இல்லை.

முகப்பில் மழைத்தண்ணீர் தேங்குகிறது.

வாட்டம் போதவில்லை. கூரையுள்ள முகப்புக்கு வெளிப்பக்கமாக அடிக்கு ஒரு நூல், வானம் பார்த்த வளவு வாசலுக்கு அடிக்கு இரண்டு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடி அகல முகப்பில் உள்சுவருக்கும் விளிம்புக்கும் ஓர் அங்குலம் இறக்கம் வர வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தேங்கும் இடத்தைச் சுற்றிச் சாக்கட்டிக் கோடு போட்டால் எத்தனை கல்லை எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மேலே கலவை பூசியோ கிரவுட்டை நிரப்பியோ வாட்டம் வராது.

புதுத் தரையால் நிலைக்கதவு உரசுகிறது. கதவைச் சீவிவிடலாமா?

பழைய தேக்குக் கதவைத் தொடாதீர்கள். கல் முக்கால் அங்குலம், கலவை ஒன்றரை அங்குலம். பழைய தரையை எடுக்காமல் மேலேயே பதித்தால் இரண்டேகால் அங்குலம் உயரும். குறை கதவில் இல்லை. கதவு திரும்பும் வட்டத்துக்குள் உள்ள கற்களை எடுத்து, அடித்தளத்தைக் கொத்தி இறக்கிப் பதிக்கச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்துத் தரையில் மூன்று கல் உடைந்துவிட்டது. ஜோடி கிடைக்குமா?

உடைந்த துண்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்கே போங்கள். பட்டறைகளில் பழைய அச்சுகள் பல இருக்கின்றன. இல்லாவிட்டால் செய்து தரச் சொல்லலாம். அளவையும் கனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூ சேரும், நிறம் சேராது. பல பத்தாண்டு கால் பட்டு மெருகேறிய சிவப்பு இன்றைய தொட்டியிலிருந்து வராது. அதற்கு ஒரு வழி உண்டு: வீட்டில் கண்ணில் படாத இடத்தில், அண்டாவுக்கு அடியிலோ உள் அறைப் பத்தாயத்துக்குப் பின்னாலோ இருக்கும் அதே பூக்கல்லை அலுங்காமல் எடுத்து முகப்பில் வையுங்கள். புதுக்கல்லை அங்கே போடுங்கள். அந்தத் தரை சுண்ணாம்புக் கலவையில் பதித்ததாக இருந்தால் கல் எளிதாகவே பெயரும், திரும்பப் பதிக்கும்போதும் சுண்ணாம்புக் கலவையே போடுங்கள். அடுத்த தலைமுறை எடுக்க நேர்ந்தால் கல் உடையாமல் வரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மேலே கார்பெட் ஒட்டி மூடிவிடலாமே?

ஒட்டும் கார்பெட்டும் வினைல் விரிப்பும் இந்தத் தரைக்கு எதிரி. அடியிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கார்பெட்டில் பூஞ்சை பிடிக்கும், கல்லில் கருந்திட்டு விழும். காலி விழுந்த கல் கார்பெட்டுக்கு அடியிலும் காலிதான். ஒரு நாள் உடையும். விரிப்பு வேண்டுமானால் பவானி ஜமுக்காளமோ கோரைப்பாயோ போட்டு வாரம் ஒரு முறை எடுத்து உதறுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி கறை விடும்.

வாங்கிய வீட்டில் யாரோ கார்பெட் ஒட்டி வைத்திருந்தால் அவசரமாக இழுக்காதீர்கள். ஒரு மூலையைக் கிளப்பி, அடியில் மெல்லிய தகரத்தைச் செருகிக்கொண்டு, கத்தி கல்லைத் தொடாமல் ஓரடிப் பட்டைகளாக அறுங்கள். ஒவ்வொரு பட்டையையும் தரையோடு ஒட்டினாற்போல் மடித்துத் தாழ்வாக இழுத்தால் பசையில் பெரும்பகுதி கார்பெட்டோடு வரும், மேல்நோக்கி இழுத்தால் தரையிலேயே தங்கும். சுவரோரத்தில் ஆணியடித்த மரப்பட்டை இருக்கும். அதைக் குறடால் எடுக்கும்போது அடியில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, அதன்மேல் ஊன்றி நெம்புங்கள். ஆணித் துளைகளை வெள்ளை சிமெண்டும் ஆக்சைடும் குழைத்து அடைக்கலாம். மிச்சப் பசைக்கு முதலில் வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு, மரச் சட்டுவத்தால் சுரண்டிப் பாருங்கள். அசையாவிட்டால் துணியில் டர்பன்டைன் தொட்டு ஒரு கல்லில் சோதித்துவிட்டுத் தொடருங்கள்; சன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ அருகில் வேண்டாம்.

ஓர் அறையை முழுதாக எடுத்துப் பதிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

100 சதுர அடிக்கு: 8 அங்குலக் கல் என்றால் 225, 10 அங்குலக் கல் என்றால் 144, 12 அங்குலக் கல் என்றால் 100. நேர்வரிசைக்கு நூற்றுக்கு ஐந்து, மூலைவாட்டாகப் பதித்தால் நூற்றுக்குப் பத்து கூடுதல். ஒன்றரை அங்குலக் கலவைக்கு 1:5 விகிதத்தில் சுமார் இரண்டேகால் மூட்டை சிமெண்டும் 14 கன அடி மணலும் ஆகும். சிமெண்ட் பாலுக்கு இன்னும் ஒரு மூட்டை. எம் சாண்ட் என்றால் தூள் அதிகமில்லாமல் சலித்தது வேண்டும். தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும். மிஞ்சும் கல்லைக் கொடுத்துவிடாதீர்கள். பத்துக் கல்லையாவது பரணில், படுக்கவைக்காமல் நிறுத்திவைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வேலை ஊரில் நடக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

முதல் நாள் பதித்ததும் ஒரு கல்லைத் தூக்கி முதுகைக் காட்டச் சொல்லி வீடியோ கேளுங்கள். கிரவுட் அடைப்பதற்கு முன் வரிசை வரிசையாகத் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த நிலையில் கல் மாற்றுவது எளிது. அடைத்துவிட்டால் வேலை பல மடங்கு. கூலியில் பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு தரை முடியுமாறு நாள் குறிக்காதீர்கள். அவசரத்தில் பதித்த தரைமேல் பந்தி நடக்கும்போது தெரியும் அதன் விளைவு.

குறையைக் காட்டியும் ஒப்பந்தக்காரர் வர மறுக்கிறார்.

சாக்கட்டி வட்டங்களோடு படம், தட்டும் சத்தத்தோடு வீடியோ, பணம் கொடுத்த ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எந்தெந்தக் கல், என்ன குறை, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் நியாயமானது. அதற்குள் வேறு ஆளைக் கொண்டு பெயர்த்துவிடாதீர்கள், சான்று போய்விடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. கல்லை நீங்களே வாங்கிக் கொடுத்து அவர் பதித்துமட்டும் தந்திருந்தால், பதித்த வேலையின் குறையைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

மாற்றிப் பதித்த பிறகு எப்போது நடக்கலாம், எப்போது எண்ணெய் தடவலாம்?

24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது. மூன்று நாள் கழித்து வெறுங்காலில் நடக்கலாம், ஏழு நாள் கழித்துச் சாமான் வைக்கலாம். அந்த ஏழு நாளும் வெள்ளை வேட்டித் துணியை நனைத்துப் போட்டு ஈரம் காத்துக்கொள்ளுங்கள். சாயத் துணியும் புதுச் சணல் சாக்கும் கறை இறக்கும். பிளாஸ்டிக் தாளைச் சோதித்து ஈரம் நின்றது உறுதியான பிறகே எண்ணெய், குறைந்தது மூன்று வாரம். ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். எண்ணெயை நேரடியாக ஊற்றினால் அந்த இடம் கருத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுக்கல் முதல் ஓரிரு மாதம் பக்கத்துக் கல்லைவிட மங்கலாகவே தெரியும். கால் பட்டுப் பட்டுத்தான் அது மெருகேறும்.